ஊரில் இல்லாத காற்று

தோகுஜி டோக்கியோ பக்கம் கூலி வேலைக்குப் போய்த் திரும்பாமல் போன இரண்டாவது வருடம், பனி உருகி அவரைக்கொட்டை ஊன்றிய வாரத்தில், அவன் மனைவி மிசாவோ வீட்டுத் தொட்டியிலிருந்த புல் ஊரில் இல்லாத காற்றுக்கு ஆடத் தொடங்கியது. ஒகுசாவா நான்கு பக்கமும் மலை சூழ்ந்த ஊர். அன்று கொடியில் போட்ட துணி அசையவில்லை, அடுப்புப் புகை நேராக மேலே போனது. புல் மட்டும் கிழக்கே சாய்ந்து சாய்ந்து எழுந்தது.

அதைக் காற்றறி புல் என்பார்கள். ஓடைப் பாறையிலிருந்து பெயர்த்துவந்து தொட்டியில் வைத்தவன் தோகுஜிதான். அறுவடை முடிந்ததும் ஊர் ஆண்களோடு கிளம்பி, பனி உருகும்போது வந்துவிடுவான். கடைசியாகப் போன வருடம் மற்றவர்கள் மட்டும் வந்தார்கள். அவன் தை மாதமே வேறு வேலைக்கு மாறிவிட்டான், எங்கே என்று தெரியாது என்றார்கள். மிசாவோ எழுதிய கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. ஆகவே, புல் ஆடியபோது, அவன் நிற்கும் இடத்துக் காற்று அது என்று அவள் புரிந்துகொண்டாள். ஊரும் அப்படியே புரிந்துகொண்டது. முதலில் கேலியாகவும், பிறகு உடம்புக்கு எப்படி என்று விசாரிப்பது போலவும், பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்கள்: "மிசாவோ, உன் வீட்டுக்காரருக்கு இன்னைக்கு எந்தப் பக்கக் காத்து?"

மிசாவோ தொட்டியைக் காலை வெயிலில் வைத்து மதியம் நிழலுக்கு நகர்த்தினாள். வேர் காயவிடவில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை, துளிர் விடும் நேரத்தில், கத்தியால் வேரைப் பிளந்து வேறு தொட்டியில் வைத்தாள். பிளந்து வைத்த புல்லும் அதே பக்கம் ஆடியது. ஒரு புரட்டாசியில் இலைகள் இரண்டு நாள் சாட்டை போலச் சுழன்றபோது, அவன் புயலில் சிக்கியிருக்கிறான் என்று தொட்டிகளை உள்ளே தூக்கிவந்து மெத்தையைச் சுற்றி வைத்து, உட்கார்ந்தபடியே காவல் இருந்தாள். குளிர்காலம்தான் கொடுமை. காய்ந்த புல்லை இரண்டு விரல் உயரம் விட்டு வெட்டிவிட்டால், துளிர்க்கும்வரை சேதி இல்லை. அந்த மாதங்களில் தன் குரலையே அவள் மீன்காரரிடம் பேசும்போதுதான் கேட்டாள்.

ஏழு வருடம் ஆனதும், அண்ணன் இறந்துவிட்டதாகப் பதிந்துவிடலாம் என்று கொழுந்தன் எய்சாகு வந்தான்.

"புல்லு ஆடுதுன்னு ஒரு மனுஷன் உசுரோட இருக்கான்னு எந்த ஆபீஸ்ல எழுதுவாங்க அண்ணி?"

"எழுத வேணாம் தம்பி. வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு."

ஊராட்சி எழுத்தர் வந்தார். விரலை எச்சில் தொட்டு உயர்த்திப் பார்த்தார். காற்று இல்லை. முள்ளங்கி ஊறுகாயோடு தேநீர் குடித்துவிட்டு, விசாரணையில் உள்ளது என்று எழுதிக்கொண்டு போனார்.

ஒன்பதாம் வருடம், நாற்று நட்ட பிறகு, மதியப் பேருந்தில் தோகுஜி வந்து இறங்கினான். ஒரு காது கேட்கவில்லை. இடது கையில் இரண்டு விரல் இல்லை. மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டான். "முதல் வருஷம் வர முடியல. அப்புறம் வர முகமில்ல" என்றான். அவள் கேட்க நினைத்து வைத்திருந்தவை நிறைய. ஒன்றுதான் வாயில் வந்தது.

"அந்தப் புயல்ல எங்க இருந்தீங்க?"

"எந்தப் புயல்?"

அவள் புல்லைப் பற்றி எல்லாம் சொன்னாள். அவன் கேட்கிற காதைத் திருப்பிக்கொண்டு முழுவதும் கேட்டான்.

"நான் மலைக்குள்ள சுரங்கம் தோண்டிட்டு இருந்தேன் மிசாவோ. தூங்குற கொட்டகைக்குக்கூட ஜன்னல் கிடையாது. எனக்கு ஏது காத்து?"

வெளியே நான்கு தொட்டிகளும் கிழக்கே சாய்ந்திருந்தன. மிசாவோ அவற்றை வெகுநேரம் பார்த்தாள். புருஷன் பக்கத்தில் இருக்கும்போதே, ஒன்பது வருடத்தில் இல்லாத தனிமை அவளுக்குள் வந்து உட்கார்ந்தது. அப்போது இலைகள் நடுங்கி, கனமாகப் படிந்தன. ஒகுசாவாவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"யாரோ நனையறாங்க" என்று எழுந்தாள்.

ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூரைக்குள் வைத்தாள். மூன்றாவதை வைத்துவிட்டுத் திரும்பியபோது, தோகுஜி மீதியிருந்த தொட்டியை எட்டு விரல்களால் அணைத்துக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தான்.