முத்தம்மாள் வீட்டு மாடியில் ஒன்பது நாள் இருந்த பாறை

கரையான்சாவடி முத்தம்மாள் வீட்டு மாடிப் போர்ஷனுக்குக் கடலிலிருந்து ஒரு பாறை குடிவந்தது, ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்கு. அன்றைக்குப் பூந்தமல்லியில் தக்காளி கிலோ முப்பத்தெட்டு, கத்தரிக்காய் நாற்பது. பாறை ஹாலின் நடுவில், ஃபேனுக்கு நேர் கீழே, டைல்ஸ் ஒன்றுகூட உடையாமல் டைல்ஸிலிருந்தே முளைத்த மாதிரி இடுப்பு உயரத்துக்கு நின்றது. கறுப்புப் பாறை, மேலெல்லாம் சிப்பி. உச்சியில் ஒரு குழி, குழியில் தண்ணீர், தண்ணீரில் விரல் நீளத்துக்கு ஒரு மீன். மாடியில் குடியிருந்த ஜெகன் ஐயப்பன்தாங்கல் டெப்போவில் கண்டக்டர். டூட்டிக்கு நேரமாகிவிட்டதால் பாறையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சட்டையை மாட்டினான். “எத்தினி பேரப் பாத்துக்கீறேன், டிக்கெட் எடுக்காம ஊட்டுக்குள்ளயே ஏறுன ஆளு நீதான் மாமே” என்று அதனிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அவன் மனைவி ஜெயப்பிரியா மட்டும் அதை எங்கோ பார்த்த மாதிரி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். தப்பு செய்தவர்களுக்கு அது முதலில் தெரிந்துவிடும், ஒப்புக்கொள்வதுதான் கடைசியில்.

ஜெயப்பிரியாவுக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், நாலாவது மாடியில். கப்பல்காரர்கள் இப்போது காகிதத்தை விரித்து வழி பார்ப்பதில்லை. மாலுமியின் முன்னால் ஒரு திரை இருக்கும், அதில் கடலின் படம் ஓடும், எங்கே எத்தனை மீட்டர் ஆழம், எங்கே பாறை, எங்கே மணல்மேடு என்று. அரசாங்க முத்திரையோடு வருகிற படம் என்பதால் அது சொன்னால் சொன்னதுதான். அப்படி ஒரு தூர தேசத்துக் கடலைப் பழைய காகிதப் படங்களிலிருந்து புள்ளி புள்ளியாகக் கம்ப்யூட்டருக்கு ஏற்றுகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. வியாழக்கிழமை சாயங்காலம் அந்த வாரத்துத் திருத்தம் போகும். வெள்ளி விடிவதற்குள் கப்பல்கள் வாங்கிக்கொள்ளும். இதில் ஒரு சங்கடம் உண்டு. பழைய படங்கள் ஒவ்வொன்றும் பூமியை ஒவ்வொரு கணக்கில் அளந்தவை. ஒரே பாறை ஒரு படத்தில் இங்கேயும், இன்னொன்றில் முந்நூறு மீட்டர் தள்ளியும் தெரியும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். ஜெயப்பிரியா ஏழு வருஷத்தில் அப்படி நூற்றுக்கணக்கில் எடுத்திருக்கிறாள். அந்த வியாழக்கிழமையும் ஒரு நீரிணையின் நடுவே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாறை வந்தது. எச்சரிக்கைக் கட்டம் சிவப்பாகத் துள்ளியது. அவள் ‘இரட்டைப் பதிவு’ என்று குறிப்பெழுதி ஒன்றை எடுத்தாள். சரிபார்க்கிற வீரராகவன் சாரும் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். கடலில் நிஜமாகவே இரண்டு பாறை இருந்தது.

படத்தில் இடம் போன பாறைக்குப் போக்கிடம் வேண்டாமா? எடுத்தவள் வீட்டுக்கு வந்துவிட்டது.

இரண்டாம் நாள் கீழ்வீட்டிலிருந்து முத்தம்மாள் குரல் கொடுத்தாள். அந்த ஊரின் பழைய பயிர்க்காரக் குடும்பம் அவளுடையது. கடைசி அரைக்காணியை விற்றும், கப்பலில் வேலைசெய்யும் மகன் வேம்புலி அனுப்பியதைச் சேர்த்தும் எழுப்பிய வீடு. “இன்னா கண்ணு, மேல டேங்க் ஒடஞ்சிகீதா? ரசத்துல நான் உப்பே போடல, கரிக்குது!” ஜெயப்பிரியா ஹாலுக்கு வந்து பார்த்தாள். பாறையைச் சுற்றிக் கணுக்கால் அளவு தண்ணீர், ஹாலைத் தாண்டாமல், விளிம்பு கட்டின மாதிரி நின்றது. ஆறு மணி நேரத்தில் வற்றியது. மறுபடி ஏறியது. ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம் போலத் தள்ளித் தள்ளி ஏறியது. அவள் நேரத்தைக் காலண்டர் ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தாள். ஒன்பதாம் நாள், அமாவாசை, சனிக்கிழமை, ஆபீஸில் அந்த நீரிணையில் கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்கிற ஓத அட்டவணையை எடுத்து வைத்துப் பார்த்தாள். நிமிஷம் பிசகவில்லை. அன்றைக்கு உச்ச ஓதம் பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு.

வீரராகவனிடம் போய்ச் சொன்னாள். அவர் திட்டவில்லை, தன் ஒப்புதலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, பாறையை மூலப் படத்தில் திரும்ப ஏற்றினார். அந்த நொடியே ஜெகனிடமிருந்து போன்: “இன்னாடி, கல்லக் காணோம்! தரை காஞ்சி கீது.” அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். அனுப்பும் முன் அந்த இடத்தில் கப்பல் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம், பார்த்தாள். ஒரே ஒரு அம்புக்குறி வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் எழுதியிருந்த கப்பல் பெயர் அவளுக்குத் தெரியும். தினம் காலையில் கோலம் போட்டு முடித்ததும் முத்தம்மாள் போனை நீட்டிக் காட்டுகிற அம்பு அது. வேம்புலியின் கப்பல். புதுப் படத்தில் அங்கே பாறை இல்லை, நேர் வழி, நேராக வந்தது.

“எடுத்துடுங்க சார்! திரும்ப எடுத்துடுங்க!”

அவர் எடுத்தார். ஜெகன் மறுபடி போன் செய்தான், கல்லு வந்துட்ச்சி என்று.

“தெரிஞ்ச ஆபத்தை ஒரு நிமிஷம் மறைச்சாலும் அது கொலைம்மா” என்றார் வீரராகவன். “முப்பது வருஷமா இதைத்தான் எல்லாருக்கும் சொல்லித் தர்றேன்.”

“பாறை இப்ப கடல்ல இல்ல சார். நாம படத்துல ஏத்தினாத்தான் அங்க போகும்.”

“தண்ணிக்கு அடியில எவ்வளவு?”

“மூணு மீட்டர்.”

“கப்பல் எவ்வளவு முங்கியிருக்கு?”

“ஒன்பது.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஒன்றரை மணிக்குக் கப்பல் தாண்டிவிடும், நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், இன்றைக்கு ஓதம் பெரிது, நீ போய் வீட்டைப் பார், அந்த அம்மா போனில் அம்பு தாண்டினதும் சொல் என்றார். அயப்பாக்கம், திருவேற்காடு, வேலப்பன்சாவடி என்று அவள் ஸ்கூட்டி எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியாது. வந்து இறங்கும்போது முத்தம்மாள் வாசலில் போனைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வேம்புலி குரல் அனுப்பியிருந்தான்: “எம்மோவ், எஞ்சின் பூட்ச்சி. நடுக்கடல்ல சும்மா நின்னுகினு கீறோம். பயப்படாத, தூண்டில் போட்டுகினு கீறேன்.” ஜெயப்பிரியா போனை வாங்கிப் பார்த்தாள். அம்பு பாறையின் இடத்தில், சரியாக அதன் மேல், நின்றிருந்தது.

முடிவை இப்போதே உங்கள் காதில் போட்டுவிட எனக்கும் ஆசைதான், கண்ணுங்களா. ஆனால் அன்றைக்கு அவளுக்கு யார் சொன்னார்கள்? மேலே அமாவாசை ஓதம், மற்ற நாளைவிடப் பெரிதாக, ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏற ஏறப் பாறை கனத்தது. இரண்டு மணிக்குக் கீழ்வீட்டுச் சமையலறைக் கூரையில் ஒரு விரிசல் ஓடி, காரை பெயர்ந்து இட்லிப் பானையில் விழுந்தது. ஜெகன் பக்கத்துக் கட்டடத்திலிருந்து நாலு சவுக்குக் கட்டைகளைத் தூக்கிவந்து முட்டுக் கொடுத்தான். “பெரிம்மா, ஊடு உழுந்துடும், அனுப்பச் சொல்லு அவள!” என்று கத்தினான். அப்போதுதான் அவர்கள் எல்லாவற்றையும் முத்தம்மாளிடம் சொல்லவேண்டி வந்தது. அவள் குறுக்குக் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. பாறை என்றார்கள், மகன் என்றார்கள், அவளுக்குப் போதும்.

“கல்லு என் தல மேல இர்க்கட்டும்” என்றாள். “என் புள்ள காலுக்குக் கீழ போவ வேணாம்.”

இரண்டரைக்கு நாலாவது கட்டை வழுக்கியது. ஜெகன் இரண்டு கையாலும் மூன்றாவதைப் பிடித்திருந்தான். முத்தம்மாள் முந்தானையைச் சொருகிக்கொண்டு உள்ளே போய், வழுக்கின கட்டையை நிமிர்த்தி, தோளைக் கொடுத்து நின்றாள். போனை ஜெயப்பிரியா பக்கம் எறிந்தாள். “என்ன ஏன் பாக்குற? அம்பப் பாரு!” கூரையிலிருந்து உப்புத் தண்ணீர் அவள் வகிட்டில் சொட்டியது. ஜெயப்பிரியாவின் இன்னொரு கையில் அவளுடைய போன். அதில் வீரராகவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முத்தம்மாள் பிழைப்பாள். சொல்லாவிட்டால் கப்பலில் இருக்கிற இருபத்திரண்டு பேர் பிழைப்பார்கள். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்து வந்து போனது. அம்பு மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறைதான் தன் இடத்தைப் புதுப்பித்துக்கொள்ளும். இரண்டு நாற்பது: அதே இடம். நாற்பத்து மூன்று: அதே இடம். விரிசல் கதவு நிலைவரை வந்தது. முத்தம்மாளின் முழங்கால் மடங்கியது, நிமிர்ந்தது. நாற்பத்து ஆறு: அம்பு நகர்ந்திருந்தது, கொஞ்சம்தான், கப்பலின் பின்பாதி இன்னும் பாறையின் மேல். “சார், இருங்க.” “இருக்கேம்மா.” “இருங்க.” நாற்பத்து ஒன்பது: அம்பு தெளிந்த நீரில், கால் மைல் தள்ளி.

“போடுங்க சார்.”

கூரை ஒரு பெருமூச்சு விட்டு மேலே ஏறியது. ஹாலில் நின்ற தண்ணீர் முழுக்க ஒரே வீச்சில் படியிறங்கித் தெருவுக்குப் போயிற்று. நாய் ஒன்று நக்கிப் பார்த்து முகம் சுளித்தது. முத்தம்மாள் கட்டையை விட்டுத் தரையில் உட்கார்ந்து, “ஒரு சொம்பு தண்ணி குடு கண்ணு, நல்ல தண்ணியா” என்றாள்.

திருத்தம் தாமதமானதற்குக் காரணம் எழுதும் கட்டத்தில் வீரராகவன், ‘பாறை அந்நேரம் கரையான்சாவடியில் இருந்தது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஜெயப்பிரியாவும் அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். வருஷா வருஷம் தணிக்கைக்கு வருகிறவர்கள் அந்த வரியைப் படித்து, முகவரி சரியா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். சிவப்புக் கட்டம் துள்ளினால் இப்போது அவர்கள் யாரும் அவசரப்படுவதில்லை. பாறைக்கு வீடு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறார்கள். வேம்புலி ஏழு மாதம் கழித்து ஊருக்கு வந்தான், அன்று தூண்டிலில் ஒன்றும் மாட்டவில்லை என்றான். விரிசலைப் பூசியாயிற்று. ஆனாலும் அமாவாசைக்கு அமாவாசை பூச்சைத் தாண்டி நாலு சொட்டு விழும். முத்தம்மாள் அன்றைக்கு ரசத்துக்கு உப்பு போடுவதில்லை. பாத்திரத்தை நேர் கீழே நகர்த்தி வைத்துவிட்டுக் கொத்தமல்லி கிள்ளப் போவாள்.