நோய் வயலில் பதினொரு செடி

அடா சமவெளியில் எல்லாரும் கொண்டைக்கடலை வளர்த்தார்கள். லெம்மி கடலையைக் கொல்லும் பூஞ்சையை வளர்த்தான். ஆராய்ச்சிப் பண்ணையில் அவனுக்குச் சம்பளமே அதற்குத்தான். வாடல் நோயில் செத்த செடிகளை அதே கரிசலில் மடக்கி உழுது, மறுபடி விதைத்து, மறுபடி சாகவிட்டு, ஒன்பது வருடமாக ஒரு துண்டு நிலத்தைப் பக்குவமாகக் கெடுத்து வைத்திருந்தார்கள். நோய் வயல் என்று பெயர். அங்கே பிழைக்கிற ரகம் எங்கேயும் பிழைக்கும்.

இந்த வருடம் முந்நூறு ரகம் போட்டதில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது கருகிவிட்டது. ஒரே ஒரு வரிசை, பதினொரு செடி, பச்சைப் பசேலென்று நின்றது. வோலோ மலைப்பக்கம் ஒரு கிழவர் வீட்டுப் பானையிலிருந்து வந்த விதை. கிழவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பானையும் காலி. வந்த பதினொரு விதையையும் ஊன்றியாயிற்று. மூன்று வாரத்தில் காய் முற்றினால், அதன் எதிர்ப்புச் சக்தியை மற்ற ரகங்களுக்கு ஏற்றலாம்.

இயக்குநர் அஸ்ரெஸ் பூரித்துப் போய், உடனே விவசாயிகளை வரவழைத்தார்.

"காய் முத்தட்டுமே ஐயா. மூணே வாரம்."

"செத்த வயல்ல பச்சையா நிக்கும்போது காட்டினாத்தான் ஜனங்களுக்குப் புரியும். எல்லாம் காஞ்சப்புறம் உன் மூஞ்சியவா காட்டுறது?"

அறுபது பேர் வந்தார்கள். முன்னால் குடை பிடித்தபடி பாதிரியார். லெம்மி மரபணுவைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினான். பொறுமையாகக் கேட்டார்கள், காய்களைப் பார்த்தபடி. இறைச்சியும் பாலும் விலக்கிய விரத மாதம். பச்சைக்கடலைக்குத் தடை இல்லை. பச்சைக்கடலை வயலோரம் வந்து நின்றவர் கையில் ஒரு செடி பிடுங்கிக் கொடுக்காதவன் அந்தச் சமவெளியில் மனிதனே இல்லை. இயக்குநரும் அந்த மண்ணில் பிறந்தவர்தான். படிப்பு தடுப்பதற்குள் கை ஒரு செடியைப் பிடுங்கிவிட்டது.

"ஐயா!"

"சாமிக்கு ஒண்ணுடா. இன்னும் பத்து இருக்குல்ல."

பாதிரியார் உரித்து மென்று கண்ணை மூடினார். "தேன்!"

"அப்ப நாங்க என்ன பாவம் பண்ணினோம்?" என்றது ஒரு குரல்.

"நோயே அண்டாத செடியாம்ல. தின்னா நமக்கும் அண்டாது, வாங்கப்பா."

லெம்மி கையை விரித்துக் குறுக்கே நின்றான். அவன் கைக்கு அடியில் மரியாதையாகக் குனிந்து போனார்கள்.

கடைசிச் செடி, வந்த விவசாயிகளில் ஒருவரான அஸ்னாகெச் அம்மாவிடம் இருந்தது. அதில் மிச்சம் ஒரே ஒரு காய்.

"அதக் குடுங்கம்மா, விதைக்கு வேணும்."

"பிஞ்சு எங்கடா மொளைக்கும்? பாடுபட்டவன் வாய்தான் காஞ்சு கெடக்கு. ஆ காட்டு."

உரித்த இரண்டு மணியையும் அவளே அவன் வாயில் திணித்தாள். ஊட்டிய கையை மறுப்பது ஊட்டியவரை அறைவதற்குச் சமம். கன்னத்தில் ஒதுக்கிப் பார்த்தான். அவள் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெல்லு கண்ணு."

மென்றான்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

"ரெண்டு வருஷமா எங்க வயல் பூரா வாடிப் போச்சு. அடுத்த விதைப்புக்கு இந்த விதையே குடுத்துடு. மொதப் பேரா எம்பேர எழுதிக்க."

லெம்மி இயக்குநரைப் பார்த்தான். அவர் வாய் நிறையக் கடலை இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார். லெம்மி நோட்டைத் திறந்து எழுதினான். அவளுக்குப் பின்னால், தொலியைத் துப்பிக்கொண்டே, வரிசை நீண்டது.