ஒரு முழ நடைபாதை

ஆனித் தேர் முடிந்த மறுநாள் சிதம்பரம் தெற்கு வீதியில் எனக்குக் கை கொள்ளாத வேலை இருக்கும். தேருக்கு இரண்டு நாள் முன்னால் கடை போர்டுகளைப் பிடுங்கிப் போடுவதும் நான்தான், தேர் நிலைக்கு வந்த பிறகு திரும்ப நடுவதும் நான்தான். பிடுங்கும்போது எந்தக் கடைக்காரரும் முகம் சுளிக்க மாட்டார். நடும்போது பழைய குழி எது என்று நான் சொல்ல மாட்டேன், அவர்களும் கேட்க மாட்டார்கள். தேருக்குத் தேர் ஏதாவது ஒரு கடையின் போர்டு ஒரு சாண் வெளியே வரும். பத்து வருஷமாக அந்தச் சாண்களை எல்லாம் தோண்டியது என் கடப்பாரை.

இரண்டாயிரத்து ஒன்பதில் செல்போன் கடை சாய்நாத் புதிதாக ஓர் இரும்பு போர்டு செய்து வைத்திருந்தார். ஆள் உயரம், இரண்டு கால்.

“பக்கத்துக் கடைக்காரன் போர்டு என் கடையவே மறைக்குது. தாண்டிப் போயிட்டு, கடை எங்க சார்னு எனக்கே போன் பண்றானுங்க. நட்டநடுவுல வையி சாமிக்கண்ணு.”

நடைபாதை மொத்தமே மூன்று முழம். நடுவில் நட்டாலும் கால் இருக்கிறவன் உடம்பைச் சாய்த்துப் போய்விடுவான். ஆரோக்கியம்மாள் போக முடியாது. எங்கள் தெருக்காரி, சின்ன வயசிலேயே போலியோவில் இரண்டு காலும் போய்விட்டன. பேரிங் சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து கையால் தரையைத் தள்ளிக்கொண்டு வருவாள். நாலு கடை தள்ளி ஒரு டெய்லரிடம் காஜா எடுத்து பட்டன் தைக்கிற வேலை. நடைபாதை அடைபட்டால் ரோட்டில் இறங்க வேண்டும். அவள் இருக்கிற உயரத்துக்கு பஸ் டிரைவர் கண்ணுக்குத் தலைகூடத் தெரியாது.

எல்லாம் தெரிந்துதான் முதல் குழியைத் தோண்டி முடித்தேன்.

பலகை வந்து குழி ஓரத்தில் நின்றது.

“என்னா மாமா, எனக்கா தோண்டுற? இவ்ளோ சின்னதா இருந்தா எப்பிடிப் படுக்குறது?”

நான் நிமிரவில்லை. அவள் சாய்நாத்தைப் பார்த்தாள்.

“அண்ணே, செவுத்துல மாட்டுங்கண்ணே. ஒரு முழம் வுட்டீங்கன்னா நான் போயிடுவேன்.”

“செவுத்துல மாட்டுனா எவன் பாக்குறான்? ரோட்டுல எறங்கிப் போ.”

“சாமி வருதுன்னா மட்டும் புடுங்குறீங்க?”

“நீ என்னடி சாமியா?”

அவள் இரண்டாவது குழிக்கு நான் கீறிவைத்த கோட்டின்மேல் பலகையைத் தள்ளி நிறுத்தினாள். “இப்பத் தோண்டு மாமா.”

சாய்நாத் பலகையில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். அவள் முகம் குப்புற விழுந்தாள். நான் தோண்டிப் போட்ட ஜல்லியில் வாய் மோதி முன்பல் உடைந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, மடியிலிருந்த காஜா கத்திரியை எடுத்து அவர் பாதத்தில் இறக்கினாள். அவர் அலறிக்கொண்டே மற்றக் காலால் பலகையை ரோட்டில் உதைத்துத் தள்ளினார். வந்த டவுன் பஸ் அதன்மேல் ஏறி இறங்கியது. பலகை நொறுங்கியது.

“நீயும் போடி!” அவள் தலைமயிரைச் சுற்றிப் பிடித்து ரோட்டுப் பக்கம் இழுத்தார். அவள் என் குழிக்குள் கையை விட்டு விளிம்பைப் பற்றிக்கொண்டாள். நகம் பிய்ந்து வந்தது.

கடப்பாரையால் அவர் முழங்காலில் அடித்தேன். கால் பக்கவாட்டில் மடிந்தது. விழுந்தவரை இன்னொரு தரம் அடித்தேன். அதற்கு அவசியம் இல்லை, அடித்தேன்.

பின்மண்டையில் இடி விழுந்தது. ஷட்டர் இழுக்கிற கம்பியோடு நின்றவர், சாய்நாத் கடையை மறைத்து போர்டு வைத்த அதே பக்கத்துக் கடைக்காரர். “கடைக்காரன் மேலயே கைய வெக்கிறியாடா?” தெருவே இறங்கி வந்தது. யார் யார் போர்டை நான் தூக்கி நிறுத்தினேனோ அவர்கள் எல்லாருமே மிதித்தார்கள். விலா எலும்பு இரண்டு முறிந்தது. எவன் கெண்டைக்காலையோ ஆரோக்கியம்மாள் கடித்துத் தொங்கிக்கொண்டிருந்ததுதான் கடைசியாகப் பார்த்தது.

அவளைப் பிடித்துப்போய் எப்படி வைத்துக்கொள்வது என்று போலீஸ்காரர்கள் விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு என்னைக் கடலூர் ஜெயிலில் வைத்தார்கள். பத்தாம் நாள் மனு போட்டுப் பார்க்க வந்தாள். புதுப் பலகை. ஒரு கன்னம் வீங்கிக் கிடந்தது.

“போர்டு?” என்றேன்.

“அன்னிக்கே நட்டுட்டானுவ. நீ தோண்டுன குழிலதான். அவுங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.”

கம்பி வலையைப் பிடித்துக்கொண்டேன். “ரோட்டு ஓரமாவா போற? பஸ்காரன் பாக்க மாட்டான் புள்ள.”

“ஓரமா போனாத்தான பாக்க மாட்டான்? நான் நடு ரோட்டுல போறேன் மாமா. பின்னாடி பஸ்ஸு, லாரி எல்லாம் ஆரன் அடிச்சிக்கிட்டு வருது. நேத்து ஒருத்தன் எறங்கி வந்து அறைஞ்சான்.”

“வேணாம். நசுக்கிப்புடுவானுவ.”

“நசுக்கட்டும். சாய்நாத் கடைக்கி எதுர வந்ததும் பலகைய நிறுத்திட்டுக் கால்மணி நேரம் மூச்சு வாங்குறேன். கட்டுப்போட்ட கால நீட்டிக்கிட்டு உள்ள ஒக்காந்துருக்கான். ஆரன் சத்தத்துல ஒரு பய அவன் கடைக்குள்ள நிக்கல.”