ஆறு மணிப் பால்

அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே இருந்த நீளமான பெஞ்சில் ஐந்து குழந்தைகள் வரிசையாகக் காத்திருந்தன. ஐந்துக்கும் ஒரே மாதிரி வெளுத்துப்போன பச்சைச் சட்டை, முதுகுப் பக்கம் நாடா. அவளுடைய மகனுக்கு அது பாதத்தையும் தாண்டித் தொங்கியது. ஏழு மாதக் குழந்தை. கணுக்காலில் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் பேனாவால் இரண்டு என்று எழுதியிருந்தார்கள்.

அவளுக்குச் செருப்புக் கம்பெனியில் அடி அட்டைக்குப் பசை தடவும் வேலை. நான்கு வருடப் பசையில் விரல் நுனிகள் மரத்துவிட்டன. சூடு, குளிர் எதுவும் அவற்றுக்குத் தெரியாது. குழந்தையின் பாதம் சில்லென்று இருக்கிறதா என்று பார்க்க, அதைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சில்லென்றுதான் இருந்தது.

குழந்தைக்கு அடிவயிற்றில், தொடை சேரும் இடத்தில், அழும்போதெல்லாம் குடல் பிதுங்கி எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கும். உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் உள்ளே போய்விடும். "சின்ன ஆபரேஷன்தான், அரை மணி நேரம்" என்று டாக்டர் சொன்னார். போகாமல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்பதையும் அவர்தான் சொன்னார். இந்தத் தேதி கிடைப்பதற்கு மூன்று மாதம் ஆயிற்று.

பக்கத்தில் அவள் கணவன் சுவரில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ரொட்டிக் கம்பெனியில் ராத்திரி வேலை முடித்து, உடுப்புகூட மாற்றாமல் வந்திருந்தான். காது மடலில் மாவு ஒட்டியிருந்தது.

மகளுக்குத் தொண்டைச் சதை எடுக்க வந்திருந்த தையல்கார அக்கா அவனை எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, பேசாம உன் வீட்டுக்காரரை மொதல்ல உள்ள அனுப்பிடு. மயக்க மருந்தாச்சும் மிச்சமாகும்."

அவள் உதட்டால் சிரித்தாள்.

எட்டரைக்கு நர்ஸ் காகிதங்களோடு வந்தாள். "ரெண்டாம் நம்பர் யாரு? கடைசியா எப்பம்மா பால் குடுத்த?"

"ரெண்டு மணிக்கு. எழுப்பி உக்கார வெச்சு வயிறு நெறையக் குடுத்தேன். அப்புறம் ஒரு சொட்டு தண்ணிகூடக் காட்டல."

நர்ஸ் எழுதத் தொடங்கினாள். அந்தப் பேச்சில் கணவன் கண்ணைத் திறந்தான். நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஆறு மணிக்கு நான் குடுத்தேன்" என்றான்.

"என்னது?"

"வீட்டுக்கு வந்ததும். அழுதான். புட்டியில கலக்கிக் குடுத்துட்டேன்."

அவர்கள் வீட்டில் அது ஏழு மாதமாக நடப்பது. அவன் உள்ளே நுழையும்போது அவள் தெருக்கோடிக் குழாயில் குடத்தோடு நிற்பாள். அந்த நேரம் பார்த்துக் குழந்தை விழிக்கும். அவன் விளக்குகூடப் போடமாட்டான். ஃபிளாஸ்க்கைத் திறந்து வெந்நீரை ஊற்றி, பவுடர் டப்பாவிலிருந்து நாலு கரண்டி போட்டு, ஒரு குலுக்குக் குலுக்கி வாயில் வைப்பான். பிறகு புட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பான். இன்று காலையும் கவிழ்ந்திருந்த புட்டியை அவள் பார்த்தாள். தினமும் அது அப்படித்தான் இருக்கும் என்பதால் ஒன்றும் தோன்றவில்லை. காலையில் புட்டி கூடாது என்று நேற்றுச் சாயங்காலம் அவனிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். அவனும் இரண்டு தடவை தலையாட்டியிருந்தான்.

"எவ்ளோ குடிச்சான்?" நர்ஸ் பேனாவை நிறுத்தியிருந்தாள்.

"முழுப் புட்டி."

"நல்லா பண்ணீங்க போங்க. மயக்கத்துல வாந்தி எடுத்தா பால் மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும் சார். பவுடர் பாலுக்கு ஆறு மணி நேரம் விடணும். அப்படிப் பாத்தா பன்னெண்டு ஆகும். பன்னெண்டு மணிக்கு மேல இந்த ரூம் எலும்பு டாக்டருக்கு."

"இன்னிக்கு நடக்காதா?" என்று அவள் கேட்டாள்.

"பெரிய டாக்டர்கிட்ட கேக்கறேன். நடுவுல எடம் கெடைச்சா பண்ணுவாங்க. இல்லன்னா வேற தேதிதான்."

"வேற தேதின்னா?"

"மூணு மாசம் சொல்வாங்க." நர்ஸ் இரண்டு அடி போய்த் திரும்பினாள். "வாயத் தொறந்து சொன்னீங்களே, அது போதும்."

மூன்றாம் நம்பர் குழந்தையை உள்ளே வாங்கிக்கொண்டார்கள். கதவு இரண்டு பக்கமும் ஆடி நின்றது.

"ஏதாவது திட்டேன்" என்றான் கணவன்.

"என்னத்தத் திட்ட?"

"கை அதுபாட்டுக்குக் குடுத்துடுச்சு."

"தெரியும். மூஞ்சி கழுவிட்டு வாங்க."

ஒன்பதே காலுக்குக் கம்பெனி சூப்பர்வைசர் போன் செய்தார். அவள் எழுந்து ஜன்னலோரம் போனாள்.

"என்ன, முடிஞ்சுதா?"

"இல்ல சார். பன்னெண்டு மணி ஆகும்போல. ஒருவேளை இன்னிக்கு..."

"ஒரு நாள்தான் லீவு கேட்ட, குடுத்தாச்சு. நாளைக்கு மதியம் சரக்கு ஏறணும். காலைல பெல்ட்ல நீ நிக்கலன்னா அந்த எடத்துல வேற ஆள் நிக்கும். அப்புறம் என்கிட்ட வந்து அழாத."

"வந்துடறேன் சார்."

"இன்னொரு தடவை லீவுன்னும் வந்து நிக்காத."

"சரி சார்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தாள். கீழே ஒரு ஆள் வராண்டாவைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தில் அப்போதே யாரோ நடந்தார்கள். அவன் திரும்ப வந்து துடைத்தான்.

பத்து மணிக்குக் குழந்தைக்குப் பசி வந்தது. முதலில் அவள் தோளில் மூக்கைத் தேய்த்தான். பிறகு ரவிக்கையைப் பிடித்து இழுத்தான். அப்புறம் அழுகை. அவள் மேலிருந்த பால் வாசனைதான் அவனைப் படுத்துகிறது என்று தையல்கார அக்கா சொன்னாள். "அப்பன்கிட்ட குடுத்துட்டு நீ தள்ளிப் போயிடு. பாக்கவும் பாக்காத."

கணவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பெஞ்சிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை, அங்கிருந்து பெஞ்சு வரை. ஒரு கை முதுகில், இன்னொரு கை பச்சைச் சட்டைக்குள் வீக்கத்தின் மேல். "ஆச்சுடா தொரை, ஆச்சு. இப்ப உள்ள கூப்பிட்டுருவாங்க. பெரிய மனுசங்கன்னா கொஞ்சம் லேட்டாத்தான் கூப்பிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்தான்.

அவள் வராண்டாவின் மறுகோடியில் உட்கார்ந்தாள். குழந்தை அழ அழ மார்பு கட்டிக்கொண்டது. ரவிக்கை நனைந்து, புடவையும் நனைந்தது. எழுந்து கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டு, கைகழுவும் தொட்டியில் பாலைப் பீய்ச்சினாள். நிறைய வந்தது. கடைசியில் குழாயைத் திறந்துவிட்டாள். வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாக நீர்த்து ஓடியது. கண்ணாடியில் தெரிந்த முகத்தில் அழுகை எதுவும் இல்லை. முந்தானையைப் பிழிந்து, உதறிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

பன்னிரண்டே காலுக்கு நர்ஸ் கதவைத் திறந்தாள். "ரெண்டாம் நம்பர், குடும்மா, சீக்கிரம். எலும்பு டாக்டர் இன்னும் வந்து சேரல. உன் நல்ல நேரம்."

குழந்தை அழுது ஓய்ந்து வாயைச் சப்பிக்கொண்டிருந்தான். அவனை வாங்கிக்கொண்டு நர்ஸ் திரும்பியபோது, அந்தத் தோளுக்கு மேலாக அவன் தாயைப் பார்த்தான். கதவு சாத்திக்கொண்டது. அவளுக்குச் சாமி பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. தரையில் கதவு வரை எத்தனை கல் இருக்கிறது என்று எண்ணினாள். பதினாலு. திரும்ப எண்ணினாள். கணவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் புடவை ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். இப்போது அவன் தூங்கவில்லை.

இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. குழந்தை கண் இமைகள் வீங்கி, குரல் கம்மி, பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டு வந்தான். வீங்கும் இடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைக் கட்டு.

சாயங்காலம் அனுப்பும்போது நர்ஸ் வேகமாகச் சொன்னாள். "நாளைக்குப் பூரா தாய்ப்பால்தான், புட்டி வேணாம். இடுப்புல தூக்கக் கூடாது. முக்கியமா அழ விடக் கூடாது, தையல் இழுக்கும்."

"நான் நாளைக்கு வேலைக்குப் போகணும்."

"அதெல்லாம் நீங்கதான்மா பாத்துக்கணும்." நர்ஸ் அடுத்த காகிதத்தை எடுத்துவிட்டாள்.

மறுநாள் விடியற்காலையிலும், கிளம்புமுன் ஒரு தடவையும் அவள் பால் கொடுத்தாள். பத்தரை மணி டீ இடைவேளைக்கு அவன் குழந்தையைத் தூக்கி வர, கேட்டுக்கு வெளியே வைத்துக் கொடுப்பது என்று பேசிக்கொண்டார்கள். எட்டரைக்கு அவள், அட்டைகள் நகர்ந்து வரும் பெல்ட்டில் நின்றாள்.

பத்தரைக்கு மணி அடித்தது. பெல்ட் நிற்கவில்லை. சூப்பர்வைசர் நடுவில் வந்து நின்று கைதட்டினார். "டீ இன்னிக்கு உங்க எடத்துக்கே வரும். யாரும் நகர வேணாம். சரக்கு ஏறினதும் சேத்து ரெஸ்ட் எடுத்துக்கலாம்."

"சார், கொழந்தை கேட்ல..."

"எல்லாருக்கும்தான்மா கொழந்தை இருக்கு."

பேப்பர் கப்பில் டீ வந்தது. பசை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் மாடி ஜன்னலைக் கண்ணாடி போட்டு அடைத்திருந்தார்கள். அதன் வழியாகப் பூட்டிய கேட்டும், அதற்கு வெளியே கணவன் வெயிலில் நிற்பதும் தெரிந்தன. குழந்தையின் தலைமேல் துண்டு போட்டிருந்தான். இரண்டு கைகளிலும் குறுக்காக ஏந்திக்கொண்டு, நாலு அடி போவதும் நாலு அடி வருவதுமாக இருந்தான். குழந்தையின் வாய் முழுசாகத் திறந்திருந்தது. மெஷின் இரைச்சலில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு அட்டைக்குத் தடவி முடித்து நிமிர்ந்தாள். வாட்ச்மேன் ஒரு ஸ்டூலை எடுத்து வந்து, கேட்டைத் திறந்து, வெளிப்பக்கம் போட்டுவிட்டு மறுபடி பூட்டினார். கணவன் உட்காரவில்லை. ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு நடந்தான்.

அடுத்த அட்டை வந்தது.