மாமாவின் ஷிஃப்ட் ஃபைல்கள்

வாயை அடக்கத் தெரியாதவன் நான். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் பதினெட்டு வருஷம். "அறிவிருக்கா?" என்று வாடிக்கையாளரிடமே கேட்டிருக்கிறேன். அக்காவை மட்டும் விட்டு வைப்பேனா?

அக்காவின் கணவர், என் மாமா, தொழிற்சாலையில் பாய்லர் ஆபரேட்டர். இரண்டு மாதத்துக்கு முன்னால் பாய்லர் வெடித்து இறந்துபோனார். வால்வு பழுதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, தப்பு அவருடையதுதான் என்கிறது நிர்வாகம். நாளை காலை விசாரணை.

"தினமும் எழுதி வெச்சாருடா. வால்வு கசியுது, இன்னார்கிட்ட சொன்னேன்னு. ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா டைப் அடிச்சிட்டுத்தான் சட்டையைக் கழட்டுவார்" என்றாள் அக்கா.

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"அதுதான் எல்லாம் கெட்டுப்போச்சே."

மாமாவின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். ஃபோல்டர் காலி. வேறொரு மூலையில் ஒரே ஒரு ஃபைல் தப்பியிருந்தது: 'முதல் நாள்.ஷிஃப்ட்'. அழுத்தினேன். பாட்டு கேட்கும் மென்பொருள் திறந்து, இதை இசைக்க முடியாது என்றது.

எனக்குப் புரிந்துவிட்டது. பெயரில் புள்ளி வைத்து 'ஷிஃப்ட்' என்று முடிப்பது மாமாவின் பழக்கம். அவர் எப்போதும் முதலில் டைப் அடிக்கும் மென்பொருளான எடிட்டரைத் திறந்து, அதற்குள்ளிருந்துதான் ஃபைலை எடுப்பார். அவர் போன பிறகு அக்கா நேராக ஃபைலை அழுத்தியிருக்கிறாள். அந்தப் புள்ளிக்குப் பிறகு வருவது கம்ப்யூட்டருக்குப் புரியாமல், எதில் திறக்கட்டும் என்று கேட்டிருக்கிறது. பட்டியலில் முதலில் இருந்ததைத் தொட்டு, 'எப்போதும் இதிலேயே' என்பதற்கும் சம்மதம் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான் பழுது. எடிட்டரில் திறக்கச் சொன்னேன். அரை நிமிஷம். மாமா எழுதியது எழுத்து பிசகாமல் வந்தது.

"மத்ததெல்லாம் எங்கக்கா?"

"அழிச்சிட்டேன். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன்."

"ஐயோ! எந்த முட்டாள்க்கா அழிக்கச் சொன்னான்?"

"நீதான்டா."

மூன்று வாரத்துக்கு முன்னால் போன் செய்திருந்தாள். கடையில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். ஃபைல் எதுவும் திறக்கவில்லை, எல்லா ஃபைலிலும் பாட்டு மென்பொருளின் சின்னம் வந்துவிட்டது என்றாள். என்ன ஃபைல் என்று ஒரு வார்த்தை கேட்டேனா, பாவி? "வைரஸா இருக்கும், மொத்தத்தையும் அழி, உயிரை வாங்காதே" என்று வைத்துவிட்டேன்.

மீட்கும் மென்பொருளை ஓட்டினேன். இரண்டு மணி நேரம். அழித்த இடத்தில் வேறு என்னென்னவோ பதிவாகியிருந்தது. ஒன்றும் தேறவில்லை.

"இந்த ஒண்ணையாவது காட்டலாமா?"

படித்துக் காட்டினேன். 'புது வால்வு போட்டார்கள். நன்றாக வேலை செய்கிறது. புகார் எதுவும் இல்லை.'

"இது அவங்களுக்குத்தான் சாதகம்" என்றேன்.

அக்கா திரையையே பார்த்தாள். "அப்போ அவர் ஒழுங்காத்தான் எழுதி வெச்சிருக்காரா?"

"ஆமாக்கா."

"இதைக்கூட உருப்படியா செய்யத் தெரியலையே உனக்குன்னு, மூணு வாரமா அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டிருந்தேன்டா."

"என்னைத் திட்டுக்கா." எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் திட்டவில்லை. "நாளைக்கு என்கூட வா. போன்ல என்கிட்ட என்ன சொன்னியோ, அதை அவங்க முன்னாடி சொல்லு."

"நம்ப மாட்டாங்கக்கா."

"நம்ப மாட்டாங்க. நீ சொல்லு."