சின்னப்பாப்பாவின் முகம் பொருந்தவில்லை

1

இந்தக் கதை புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் பஸ்சுக்கு நின்றபோது எனக்குக் கிடைத்தது. எதிர்ப்பக்கச் செல்போன் கடை வாசலில் ஓர் அம்மாள் கைபேசியைப் பார்த்துக் கும்பிட்டார். அதைப் பிடித்திருந்த பெண் தலையில் அடித்துக்கொண்டாள். நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் சரக்கு. பெயர்களும் நான் வைத்தவை: அம்மா சின்னப்பாப்பா, மகள் மேனகா.

2

தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

‘கல்லூரி அலுவலகத்தின் முன்னால் நீண்ட வரிசை. மஞ்சள் பையுடன் சின்னப்பாப்பா வெயிலில்...’

(வேண்டாம். இப்போது ஏது வரிசை?)

‘கட்டண உதவிக்கான விண்ணப்பங்கள் இவ்வாண்டு முதல் இணையவழியில் மட்டுமே பெறப்படும் என்ற அறிவிப்பை...’

(இது கதையா, சுற்றறிக்கையா?)

‘சின்னப்பாப்பாவுக்கு நன்றாகக் கெஞ்சத் தெரியும்.’

இது நிற்கும். இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

3

சின்னப்பாப்பா மில் தொழிலாளியாக இருந்தவர். மில்லை மூடிய பிறகு கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் போர்வை துவைக்கிறார். (கணவர் எங்கே என்று கேட்காதீர்கள். அவர் போய் நாளாகிறது. நானும் தேடப்போவதில்லை.) ரேஷன் அட்டை, பள்ளியில் இடம், கேஸ் இணைப்பு எல்லாமே அவர் கெஞ்சி வாங்கியவை. கழுத்து சாயும், குரல் இறங்கும், கண்ணில் தண்ணீர் சொன்ன நேரத்துக்கு வரும்.

போன வருடம் மேனகா நர்சிங் சேர்ந்தபோது உதவித்தொகைக் காகிதங்களைத் தாமதமாகக் கொண்டுபோனார்கள். வாங்க முடியாது என்றார் அலுவலக கிளார்க் கலியமூர்த்தி.

“சார், நீங்க மனசு வச்சா எம்பொண்ணு நர்ஸாயிடுவா சார். ஒங்க புள்ளையா நெனச்சிக்குங்க.”

கலியமூர்த்தி வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற மேனகா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி அம்மாவைக் கெஞ்ச விடக் கூடாது என்று அந்த நிமிடத்தில் அவள் முடிவு செய்தாள். எனக்குத் தெரியும், நான்தானே எழுதுகிறேன்.

இந்த வருடம் கலியமூர்த்திக்கு இதில் வேலையே இல்லை. கைபேசியிலேயே விண்ணப்பம். கடைசியில் பெற்றோரில் ஒருவர் தன் முகத்தைக் காட்ட வேண்டும். அது ஆதார் படத்தோடு பொருந்த வேண்டும். மூன்று முறை பொருந்தாவிட்டால் விண்ணப்பம் மூடிக்கொள்ளும்.*

* இந்த விதி கதைக்காக நான் போட்டது. நிஜ விதி வேறாக இருக்கும். கடைசி நாள்வரை என்னை நம்பி உட்காராதீர்கள்.

கதை எழுதுகிறவனுக்கு இதில் நஷ்டம்தான். கலியமூர்த்தி இருந்தால் முறைக்க வைக்கலாம், இளக வைக்கலாம். திரை எதற்கும் மசியாது. ஆனால் யாருடைய மனசும் இளக வேண்டியதில்லை என்பதே மேனகாவுக்குப் பிடித்திருந்தது. நானும் அவள் கட்சிதான்.

(புதுச்சேரிக் கதை என்றால் ஒரு பிரெஞ்சுச் சொல்லாவது வேண்டும் என்றார் நண்பர். மேனகாவுக்கு இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை.)

4

இன்று கடைசி நாள். உதவித்தொகை வராவிட்டால் இரண்டாம் வருடம் கிடையாது, மேனகாவும் போர்வை துவைக்கப் போக வேண்டியதுதான். வீட்டில் வெளிச்சம் போதாமல் செல்போன் கடை வாசலுக்கு வந்திருக்கிறார்கள்.

“நேரா பாரும்மா.”

“பாத்துக்கிட்டுதான இருக்கேன்.”

சின்னப்பாப்பா கழுத்தைச் சாய்த்தார். புருவம் ஏறியது. கண் கலங்கியது. முகம் பொருந்தவில்லை என்றது திரை.

இரண்டாம் முறை, கும்பிட்டே விட்டார். “ஐயா, எம்பொண்ணு நல்லா படிக்கிறாய்யா...”

பொருந்தவில்லை.

“யாருகிட்டம்மா பேசற? உள்ள யாரும் இல்ல!”

“யாருமே இல்லாதயா மூஞ்சிய காட்டச் சொல்லுது?”

மேனகா அம்மாவின் ஆதார் அட்டையை எடுத்துப் பார்த்தாள். மில் ஓடிய காலத்தில், ஷிப்ட் முடிந்து வந்த கையோடு எடுத்த படம். அன்று அவர் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கழுத்து நேராக இருந்தது.

“இந்த மூஞ்சிய வையும்மா.”

“ஐய, திமிரு புடிச்சவ மாதிரி இருக்குதுடி.”

“இதான் ஒன் மூஞ்சி. கெஞ்சாத. சும்மா பாரு.”

“கெஞ்சாத எப்படிடி கேக்கறது?”

“நாம கேக்கலம்மா. அது நமக்கு வர வேண்டியது.”

இந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை, மேனகா சொன்னாள்.

5

இரண்டு முடிவுகள் கைவசம் இருந்தன.

அ) பொருந்துகிறது. இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (இனிப்பு தூக்கல்.)

ஆ) ‘மறுநாள் காலை விடுதியின் பின்கட்டில் மேனகா முதல் போர்வையைத் தண்ணீரில்...’ (இதற்கு மேல் என் கை போகவில்லை.)

அன்று அந்த நேரம் பார்த்து என் பஸ் வந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன். அதனால் உண்மையில் என்ன நடந்தது என்றும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

சின்னப்பாப்பா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைக்கிறார். கும்பிட்ட கையைக் கீழே விடுகிறார். கழுத்து நிமிர்கிறது. மேனகா கைபேசியைத் தூக்கிப் பிடிக்கிறாள். மூன்றாவது முறை.

உள்ளே யாரும் இல்லை என்று மேனகா சொன்னாள் அல்லவா? உங்களை அங்கேதான் உட்கார வைத்திருக்கிறேன். இந்த முகத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள். இப்போது அவர் உங்களை நேராகப் பார்க்கிறார். இனிக் கெஞ்சமாட்டார்.

பொருந்துகிறதா?