தடு, கொடு

கையுறையை மாட்டிக்கொண்டு முதல் நாள் நின்றபோது அவனுக்கு மூக்கு அரித்தது. சொறிந்துகொள்ள வழியில்லை. ஏழு கழுதை வயசாகிக் குத்துச்சண்டை கற்க வந்தவனுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும் என்று தன்னையே திட்டிக்கொண்டான். கார் பட்டறைக்கு மேலே தகரக் கூரை போட்ட ஹால் அது. அவன் வயதில் பாதிகூட ஆகாத பிள்ளைகள் சுற்றிலும் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

அவன் தையல் கடையில் துணி வெட்டுகிறவன். சண்டை என்று கேள்விப்பட்டாலே அடுத்த தெரு வழியாகப் போகிற ஆள். ஆனால் வீட்டில் அப்பா இருந்தார். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவர், இப்போது மறதி நோய். பெற்ற மகனை மறந்துவிட்டார். அடிக்க மட்டும் மறக்கவில்லை. காலையில் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றினால், எவனோ திருடன் உரிக்கிறான் என்று விளாசித் தள்ளுவார். போன மாதம் கன்னத்தில் பளாரென்று ஒன்று விழுந்தபோது இவனும் கையை ஓங்கிவிட்டான். மனைவிதான் குறுக்கே விழுந்து பிடித்தாள்.

“எங்கயாவது போய் ஒரு மூட்டையக் குத்திட்டு வாங்க. மாமா மேல மட்டும் கை வச்சிடாதீங்க. அப்புறம் உங்க மூஞ்சில உங்களாலயே முழிக்க முடியாது.”

அதற்குத்தான் வந்திருந்தான்.

மாஸ்டர் முப்பது வயதுப் பெண். கையை முகத்துக்கு நேரே தூக்கச் சொல்லிவிட்டு, மெதுவாக ஒரு குத்து விட்டாள். அவன் அந்தக் கையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தான். பதமாகக் கீழே இறக்கி, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றான். ஹாலே சிரித்தது.

“என்ன அங்கிள், சண்டைக்கு வந்தீங்களா, குளிப்பாட்ட வந்தீங்களா?”

அவனும் சிரித்தான். அவளுக்கென்ன தெரியும், பாவம்.

அந்தப் பிடிக்கிற பழக்கத்தைப் போக்கத்தான் அவள் படாத பாடு பட்டாள். “பிடிக்காதீங்க அங்கிள்! இடதால தடு, வலதால கொடு. தடு, கொடு. நடுவுல யோசிக்கக் கூடாது.” வாரம் நாலு நாள், மூன்று மாதம். மூட்டையைக் குத்திவிட்டு வீட்டுக்குப் போனால் கோபம் போன இடம் தெரியாது. அப்பா அடித்தாலும் “சரிப்பா, சரிப்பா” என்று வாங்கிக்கொள்வான். மனைவி நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். ஒரு நாள் மாஸ்டர் முதுகில் தட்டி, “இப்பதான் அங்கிள் கை தானா பேசுது” என்றாள். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் அவனை அப்படிப் பாராட்டியதில்லை. வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலை குளியலறையில் அப்பாவை முக்காலியில் உட்காரவைத்து முதல் பொத்தானைக் கழற்றினான். கோபம் துளிகூட இல்லை. சொல்லப்போனால் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அப்பாவின் கை வந்தது. இவனுடைய இடது கை தடுத்தது.

அடுத்ததை அவன் செய்தானா, அதுவாக நடந்ததா, சாமி சத்தியமாக அவனுக்கே தெரியாது. அப்பா சுவரோரம் சாய்ந்திருந்தார். உதடு கிழிந்து மோவாயில் ரத்தம் வழிந்தது. கோபம் வந்திருந்தாலாவது சுதாரித்துக் கையை அடக்கியிருப்பானே!

“அப்பா... ஐயோ, அப்பா...”

அப்பா அவனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அவசர அவசரமாக மற்றப் பொத்தான்களைத் தேட ஆரம்பித்தார்.

“அடிக்காதீங்க சார். நானே கழட்டிடறேன். இதோ, நானே...”

“என்னங்க சத்தம் அங்க?” என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்.

சட்டையைக் கழற்றி, நாலாக மடித்து, அப்பா அவனிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டான். ரத்தத்தையாவது கழுவிவிடலாம் என்று சொம்பை எடுக்கக் கையை நீட்டினான். அப்பா கண்களை இறுக மூடிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் காத்திருந்தார்.